பயந்தவனைக் குறித்த சொல்

அகராதி அலுவலகத்தில் அவரைப் 'பெயரடை' என்றுதான் கூப்பிடுவார்கள். அதற்கு இரண்டு காரணம். நல்ல, கெட்ட, அழகான, அசிங்கமான என்று எதன்மேலாவது ஒட்டிக்கொண்டு அதன் குணத்தைச் சொல்லும் ஆங்கிலச் சொற்களையெல்லாம் அவர் தலையில்தான் கட்டியிருந்தார்கள். இது வெளியே சொல்லும் காரணம். உள்ளே வைத்துச் சிரிக்கும் காரணம் வேறு. மனிதர் தனியாக நிற்கமாட்டார், யாரையாவது ஒட்டிக்கொண்டேதான் நிற்பார். லிஃப்டில் தனியாக ஏறமாட்டார். மூன்றாவது மாடிக்குப் போகத் துணைக்கு ஆள் வரும்வரை கீழே காவலாளியிடம் வெயிலைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். வெளியே மழை கொட்டினாலும் பேச்சு வெயிலைப் பற்றித்தான்.

அந்த ஆங்கில-தமிழ் அகராதி பதினான்கு வருஷமாக உருவாகிக்கொண்டிருக்கிறது. இப்போதுதான் ஐந்தாவது எழுத்துக்கு வந்திருக்கிறார்கள். கடைசி எழுத்தை முடித்துவைக்க நம் பேரப்பிள்ளைகள்தான் வரவேண்டும் என்று தினமும் யாராவது ஒருவர் சொல்லுவார், மற்றவர்கள் புதிதாகக் கேட்பதுபோலச் சிரிப்பார்கள். வேலை முழுக்கச் சீட்டில். உள்ளங்கை அகலத்துக்குத் தடித்த சீட்டு. பொருள் எழுதவேண்டிய சொல்லை யாரோ எங்கோ பயன்படுத்திய ஒரு வாக்கியம் அதில் இருக்கும். மேலே தேதி, கீழே வரிசை எண், ஓரத்தில் 'யார்?' என்று ஒரு கட்டம். சொல் யாரைப் பற்றிச் சொல்லப்பட்டது என்று அந்தக் கட்டத்தில் எழுதவேண்டும். எழுதாத சீட்டு செல்லாது. சீட்டுகளைத் தேதிவாரியாக மேசையில் பரப்பிப் பார்த்துவிட்டுத்தான் பொருள் எழுதுவார்கள். பழைய பொருளுக்கு முதல் இடம். அது செத்துப்போன பொருளாக இருந்தாலும் சரி.

அந்தத் திங்கட்கிழமை, 'இயரி' (eerie) என்ற சொல்லுக்கு அவர் எழுதிய பொருள் திரும்பி வந்தது. திருப்பியவள் தலைமைப் பதிப்பாசிரியர். அவரைவிட எட்டு வயது சின்னவள். அலுவலகம் முழுக்க அவள் பெயர் 'தலைமை'தான். கோபப்படமாட்டாள், ஆனால் கையிலுள்ள சிவப்புப் பேனாவை மூடவும் மாட்டாள்.

"சார், 'இனம்புரியாத அச்சத்தை உண்டாக்குகிற'ன்னு எழுதியிருக்கீங்க. இன்னைக்கு இருக்கற பொருள் இதுதான், சரி. முதல் பொருள் எங்கே?"

"இதுதானே மேடம் முதல் பொருளே? பாழடைஞ்ச வீடு, ஆள் இல்லாத ரோடு, எல்லாச் சீட்டும் இதைத்தான் சொல்லுது."

"இருநூறு வருஷத்துச் சீட்டை மட்டும் வெச்சுக்கிட்டுப் பேசறீங்க. அதுக்கு முன்னாடி போங்க."

போனார். நாலு தடித்த புத்தகங்களைத் தூசி தட்டி எடுத்துப் பார்த்தார். இங்கிலாந்தின் வடக்கிலும் ஸ்காட்லாந்திலும் எழுநூறு வருஷத்துக்கு முன்னால் புழங்கிய அந்தச் சொல், வீட்டையும் சொல்லவில்லை, ரோட்டையும் சொல்லவில்லை. மனிதனைச் சொன்னது. பயந்த மனிதனை. கோழை என்று பொருள்பட்ட இன்னும் பழைய ஒரு சொல்லிலிருந்து அது பிறந்திருக்க வேண்டும் என்பது அறிஞர்களின் கணிப்பு. ஏறக்குறைய ஐந்நூறு வருஷம் அது பயந்தவனையே ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டு முடிகிற சமயத்தில் அவனை விட்டு இறங்கி, அவனைப் பயமுறுத்தியதன்மேல் ஏறிக்கொண்டது. இன்றைக்கு அதைச் சொல்கிற எவனுக்கும் அது முதலில் யாருடையது என்று தெரியாது.

பக்கத்து மேசையில் வினைச்சொல் பார்க்கிறவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு நம்மாளு ஒரே வரியில முடிச்சுட்டான். இதுக்கு ஏன் சார் மண்டையை உடைச்சுக்கறீங்க?" என்றார்.

"அந்தப் பழமொழியில அரண்டவன் அரண்டவனாவே இருக்கான்," என்றாள் தலைமை. "இதுல நடுவுல எங்கேயோ இடம் மாறியிருக்கு. மாறின சமயத்துச் சீட்டு வேணும் சார். பயப்படறவனா, பயமுறுத்தறதான்னு சொல்ல முடியாத வாக்கியம் ஏதாவது கட்டாயம் இருக்கும். தேடுங்க." பேனாவைச் சுழற்றிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அப்புறம் இன்னொண்ணு. மத்தியானத்துல உங்க வீட்லேர்ந்து முன்னெல்லாம் முப்பது சீட்டு வரும். இந்த ரெண்டு மாசமா மூணு, நாலுதான் வருது. உடம்பு எப்படி இருக்கு?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்லை மேடம்," என்றார். அது உண்மைதான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

மத்தியானத்துக்கு மேல் வீட்டிலிருந்து வேலை செய்ய அவருக்கு அனுமதி கொடுத்திருந்தார்கள். மனைவி இறந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. அதுவும் ஒரு மத்தியானம்தான். லீவு நாள். இரண்டு மணிக்கு, "கொஞ்ச நேரம் கண்ணயர்றேன், அஞ்சு மணிக்கு எழுப்புங்க" என்று சொல்லிவிட்டு நடு அறையில் போய்ப் படுத்தாள். அவர் முன்னறையில் உட்கார்ந்து சீட்டு எழுதினார். அன்றைக்கு என்னவோ வேலை ஓடியது. முப்பத்து மூன்று சீட்டு. சரியாக ஐந்து மணிக்குப் போய்த் தோளைத் தொட்டார். இரண்டரைக்கே உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர். கதவு திறந்துதான் கிடந்தது. எட்டடி தூரம். இரண்டரை மணி நேரம் அவர் அங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து மகள் மத்தியானத்தில் படுத்தால் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வருவார். மூச்சு வருகிறதா என்று ஒரே ஒரு நிமிஷம். யார்தான் பார்க்கமாட்டார்கள்?

ஆனால் அந்தத் திங்கட்கிழமை அவர் மனசு சொல்லிலும் இல்லை, சீட்டிலும் இல்லை. முந்தின நாள் மச்சினி வந்துவிட்டுப் போயிருந்தாள். மனைவியின் தங்கை. மகளுக்குத் தலைவாரிவிட்டு, தட்டில் இருந்ததை முழுக்கச் சாப்பிடவைத்து, போகும்போது அவரை மட்டும் மாடிப்படிக்குக் கூப்பிட்டாள்.

"அத்தான், பாப்பா என்ன சொல்றா தெரியுமா? மத்தியானத்துல படுத்திருக்கும்போது ரூம் வாசல்ல யாரோ வந்து நிக்கறாங்களாம்."

"யாரு?"

"அதைத்தான் சொல்ல மாட்டேங்கறா. மூணு தடவை கேட்டேன், வாயையே திறக்கல. இளைச்சுத் துரும்பாப் போயிட்டா பாருங்க. ஸ்கூல் திறக்கப் பத்து நாள் இருக்கு. அதுக்குள்ள இது சரியாகலைன்னா நான் கூட்டிட்டுப் போயிடறேன். என் வீட்டுக்குப் பக்கத்துலயே ஸ்கூல் இருக்கு. தப்பா எடுத்துக்காதீங்க அத்தான்."

வீட்டுக்குள் யாரோ வருகிறார்கள் என்பது ஒரு பயம். மகள் போய்விடுவாள் என்பது அதைவிடப் பெரிய பயம். மனைவி போனபின் அவர் ஒட்டிக்கொண்டு நிற்க மிச்சமிருந்தது அந்தப் பதினோரு வயதுப் பெண் ஒருத்திதான். பத்து நாளில் வருகிறவனைக் கண்டுபிடித்து விரட்டவேண்டும், இல்லையென்றால் இவளும் இல்லை.

வேறு ஒருவராக இருந்தால் அக்கம்பக்கத்தில் விசாரித்திருப்பார், போலீசுக்குப் போயிருப்பார், குறைந்தது ஒரு தடியையாவது வாங்கி வைத்திருப்பார். இவர் சீட்டை எடுத்தார். பதினான்கு வருஷத்துப் பழக்கம். எது புரியாவிட்டாலும் அதைப் பற்றி யார் எந்தத் தேதியில் என்ன சொன்னார்கள் என்று எழுதிவைத்தால் தானாகப் புரிந்துவிடும் என்பது அந்த அலுவலகத்து மூடநம்பிக்கை. தினமும் சாயங்காலம் மகளை எதிரில் உட்காரவைத்துக் கேட்டார்.

"அது வரும்போது சத்தம் கேக்குமாம்மா?"

"கேக்காது. கண்ணைத் திறந்தா நிக்கும்."

"உயரமா? குள்ளமா?"

மகள் அவரைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள். "உங்க உயரம் இருக்கும்."

"என்ன பண்ணும்?"

"ஒண்ணும் பண்ணாது. பார்த்துக்கிட்டே இருக்கும். கண்ணே சிமிட்டாது."

"நீ என்ன பண்ணுவே?"

"கண்ணை மூடிப்பேன். அப்புறம் சத்தமா மூச்சு விடுவேன். மூச்சு விட்டா போயிடும்."

"தினமும் போயிடுதா?"

"முன்னெல்லாம் உடனே போயிடும்," என்றாள் மகள். "இப்ப எவ்வளவு விட்டாலும் போறதில்லை."

மகள் சில மாதங்களாகப் படுத்திருக்கும்போது மூச்சைப் புஸ்புஸ்ஸென்று விடுகிறாள் என்று அவரே கவனித்து, இளைப்பாக இருக்குமோ என்று டாக்டரிடம் கூட்டிப்போயிருந்தார். நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார் டாக்டர். பாவம், குழந்தை பேயை விரட்டிக்கொண்டிருந்திருக்கிறது என்று இப்போது புரிந்தது. முத்துமுத்தான கையெழுத்தில் எல்லாவற்றையும் எழுதினார். தேதி போட்டார். எண் போட்டார். 'யார்?' கட்டத்தை மட்டும் காலியாக விட்டார். ஆதாரம் போதாத இடத்தைக் காலியாக விடுவதுதான் முறை.

செவ்வாய்க்கிழமை வாசல் கதவுக்குப் புதுப் பூட்டு போட்டார். பால்கனிக் கதவைக் கம்பியால் கட்டினார். பிறகு கீழ்வீட்டுக்குப் போனார். அங்கே ஒரு தையல்காரம்மா இருக்கிறாள். நாள் முழுக்க மெஷின் ஓடும், மத்தியானம் மட்டும் நிறுத்திவிட்டுக் கையால் பொத்தான் தைப்பாள். இவர் வீட்டுத் தரைதான் அவள் வீட்டுக் கூரை.

"மத்தியானத்துல மேல ஏதாவது சத்தம் கேக்குதாம்மா?"

"கேக்குமே சார். ரெண்டே காலுக்கு யாரோ முன் ரூம்லேர்ந்து நடு ரூம் வாசல் வரைக்கும் நடக்கறது கேக்கும். அப்புறம் சத்தமே இருக்காது. திரும்பி நடக்கற சத்தம் நாலரைக்கு மேலதான் வரும். தினமும் இதே கதைதான். எனக்குக் கடிகாரமே வேண்டாம்."

"ரெண்டு மணி நேரம் அங்கேயே நிக்குதா?" அவர் கூரையை அண்ணாந்து பார்த்தார். "நான் ரெண்டு மணியிலேர்ந்து முன் ரூம்லதான் உட்கார்ந்து எழுதறேன். எனக்கு ஒண்ணுமே கேக்கலையேம்மா!"

தையல்காரம்மா கையிலிருந்த ஊசியைச் சட்டையில் குத்தி நிறுத்தினாள். அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நீங்க மத்தியானத்துல வீட்லதான் இருக்கீங்களா சார்?" என்று கேட்டாள். ஆமாம் என்றார். அவர் படியேறும்போது பின்னால் தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. அவளுக்கும் பயம் தொற்றிக்கொண்டது, தனியாக இருக்கிறவள்தானே என்று இரக்கப்பட்டுக்கொண்டே மேலே வந்தார்.

புதன்கிழமை அலுவலகத்தில் கூட்டம். சாயங்காலம்வரை விடவில்லை. மகள் புதுப் பூட்டுக்குள் தனியாக இருந்தாள். அவர் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "வந்துச்சா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. நல்லாத் தூங்கினேன்," என்றாள். பல நாளுக்குப் பிறகு அவள் முகம் தெளிவாக இருந்தது. பூட்டு நல்ல பூட்டு என்று அவர் கடைக்காரனை மனதுக்குள் வாழ்த்தினார். வியாழக்கிழமை வீட்டிலிருந்து வேலை. அன்றைக்கு அது வந்தது. வெள்ளிக்கிழமை மறுபடியும் கூட்டம், வரவில்லை. சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய் எல்லா நாளும் வந்தது. பூட்டு, கம்பி, வாசல் கதவுக்குப் பின்னால் பரப்பிவைத்த காலி டப்பாக்கள், எதற்கும் அது மசியவில்லை. டப்பா ஒன்றுகூட உருளவும் இல்லை. அப்படியென்றால் அது வெளியிலிருந்து வரவில்லை, வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அந்த நினைப்பு வந்தபின் அவர் குளியலறைக் கதவைக்கூடக் காலால் தள்ளித்தான் திறந்தார்.

பத்தாவது நாள் வந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு மச்சினி வருவதாகச் சொல்லியிருந்தாள். அவர் அலுவலகத்துக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு, மத்தியானம் முன்னறை மேசையில் சீட்டுகளைத் தேதிவாரியாகப் பரப்பினார். ஏழு சீட்டு. புதனுக்கும் வெள்ளிக்கும் இடம் காலியாக இருந்தது. தேர்ந்த கண் முதலில் காலி இடத்தைத்தான் பார்க்கும். அந்த இரண்டு நாளும் என்ன வித்தியாசம்? பூட்டு அல்ல, பூட்டு செவ்வாய்க்கிழமையிலிருந்து எல்லா நாளும் இருந்தது. கம்பியும் இருந்தது. மகளும் வீட்டில்தான் இருந்தாள். இல்லாதது ஒன்றே ஒன்றுதான். அவர்.

நினைப்பு அதுவரைக்கும் வந்தது. அதற்கு மேல் அதை நடக்கவிடாமல் எழுந்து டீ போடப் போய்விட்டார். பயந்தவர்களுக்கு இது கைவந்த கலை. வேண்டாத கதவின் முன்னால் வந்ததும் ஏதாவது ஒரு சின்ன வேலை நினைவுக்கு வந்துவிடும்.

டீயைக் கையில் எடுத்துக்கொண்டு, மகள் தூங்கிவிட்டாளா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்தார். மகள் சுவர்ப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். நீலப் போர்வை தோள்வரை இருந்தது. அதன் மடிப்பு ஒன்று மெல்ல உயர்ந்து தாழ்ந்தது. உயர்ந்ததா? தாழ்ந்தது தெரிந்தது, திரும்ப உயர்ந்தது தெரியவில்லை. இன்னொரு தடவை பார்த்துவிட்டால் போய்விடலாம். உயர்ந்தது. அது மூச்சுதானா, மின்விசிறிக் காற்றா? இன்னும் ஒரே ஒரு தடவை.

அப்போது மகள் மூச்சு விட்டாள். சத்தமாக, இழுத்து, யாருக்கோ கேட்கவேண்டும் என்பதுபோல. மறுபடியும், முன்னைவிடச் சத்தமாக. அவள் இந்தப் பக்கம் திரும்பியிருந்தாள். எப்போது திரும்பினாள் என்று அவருக்குத் தெரியவில்லை. கண்கள் இறுக மூடியிருந்தன. இமைகள் நடுங்கின.

அது வந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. தன் முதுகுக்குப் பின்னால்தான் நிற்கவேண்டும். மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

முன்னறை இருந்தது. மேசை இருந்தது, அதன்மேல் ஏழு சீட்டுகள் இருந்தன. யாரும் இல்லை. சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு நாற்பது. அவர் அடுப்பை அணைத்தபோது இரண்டே கால்கூட ஆகவில்லை. கையிலிருந்த டீயைப் பார்த்தார். ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. ஆறி, ஏடு படிந்து, சில்லென்று இருந்தது. டம்ளரைப் பிடித்திருந்த விரல்களைப் பிரிக்கமுடியவில்லை. முழங்காலுக்குக் கீழே கால்கள் மரத்துப்போயிருந்தன. அவருக்குத் தெரிந்து அவர் அங்கே ஒரு நிமிஷம்தான் நின்றார்.

வாசலிலேயே தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிட விழுந்தார் என்பது சரி. மகள் கண்ணைத் திறந்தாள்.

"அம்மாடி," என்றார். "தினமும் இப்படித்தானா?"

மகள் தலையாட்டினாள்.

"நான்தான்னு உனக்குத் தெரியுமா?"

"முதல்லேர்ந்தே தெரியும்."

"அப்புறம் ஏம்மா சொல்லல? தினமும் உட்காரவெச்சுக் கேட்டேனே. உயரம், சத்தம், எல்லாம் கேட்டேனே."

மகள் எழுந்து உட்கார்ந்து போர்வையை மடியில் சுருட்டிக்கொண்டாள். "சொன்னா நீங்க பயந்துடுவீங்கப்பா," என்றாள்.

அவர் அழுதார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க அழுதார். மகள் கட்டிலை விட்டு இறங்கி வரவில்லை. வர நினைத்தாள், ஒரு காலைத் தரையில்கூட வைத்தாள், பிறகு மேலே எடுத்துக்கொண்டாள். அவர் அதைப் பார்த்தார். அவர் வாழ்க்கையில் அவரைப் பார்த்து யாரும் பயந்ததில்லை. பூனைகூடப் பயந்ததில்லை. சொந்த மகள் இப்போது அவர் கை எட்டாத தூரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா மாதிரி ஆயிடுவேன்னுதானே பார்க்கறீங்க," என்றாள் மகள் கட்டிலிலிருந்தே. "அதான் மூச்சு விட்டுக் காட்டினேன். உங்களுக்குக் கேக்கல."

"இனிமே வந்து நிக்கமாட்டேன். சத்தியமா வரமாட்டேன்."

"நீங்க வர்றது உங்களுக்கே தெரியாதேப்பா."

பத்து நாளாக அவர் மனதுக்குள் மச்சினியிடம் பேசவேண்டிய பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். பெற்றவன் நான் இருக்கும்போது, பூட்டெல்லாம் மாற்றியாயிற்று, இன்னும் ஒரு மாதம் பொறுத்துப் பார், என்றெல்லாம். சுவரைப் பிடித்து எழுந்தார். மரத்த கால்களை இழுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய் ஃபோனை எடுத்தார். மேசையில் சீட்டுகள் கிடந்த பக்கம் பார்க்கவில்லை. பார்த்து ஆகவேண்டியது ஒன்றும் இல்லை.

"ஆறு மணி வரைக்கும் வேண்டாம், இப்பவே வா," என்றார். "அவ துணியெல்லாம் எடுத்து வைக்கச் சொல்றேன். அங்கேயே ஸ்கூல்ல சேர்த்துடு. நடுவுல நான் வந்து கெஞ்சுவேன், அழுவேன். எது பண்ணாலும் அனுப்பாதே."

"என்ன அத்தான் இப்படிப் பேசறீங்க? எனக்குப் படபடன்னு வருது. அந்த வீட்ல அப்படி யாருதான் வந்து நிக்கறாங்க?"

"நான்தாம்மா," என்றார்.

மச்சினி எப்போதும் அவர் வாக்கியம் முடிவதற்குள் அடுத்த வாக்கியத்தைத் தொடங்கிவிடுகிறவள். இப்போது அவள் மூச்சு மட்டும் கேட்டது.

"பாப்பாவை உடனே தையல்காரம்மா வீட்டுக்கு அனுப்பிடுங்க அத்தான்," என்றாள் கடைசியில், ஒவ்வொரு சொல்லாக. "நான் நேரா கீழ்வீட்டுக்கே வந்துடறேன். நீங்க இறங்கி வரவேண்டாம்."

அந்தக் குரலில் இருந்த பயத்தை அவருக்கு நன்றாகத் தெரியும். இத்தனை வருஷமாக அது அவருடைய குரலில் இருந்ததுதான். சரிம்மா, வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தார்.